உண்ணியைத் தொடர்ந்த மருத்துவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கில் மொண்டானா என்னும் மாநிலம் உள்ளது. அதன் மேற்கெல்லையை ஒட்டித் தெற்கு வடக்காக நீண்டு கிடப்பது பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு. கசப்பு வேர் என்பது அப்பெயரின் பொருள். அங்கு விளையும் ஒரு சிறு செடியின் வேரைச் சாலிஷ் என்னும் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக உணவாகக் கொண்டிருந்தனர். பள்ளத்தாக்கின் மேற்கே பனி படர்ந்த உயர்ந்த மலைத்தொடர். கிழக்கே தாழ்ந்த சஃபையர் மலைகள். நடுவே வடக்கு நோக்கி ஓடும் ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர் பலர் அங்குக் குடியேறினர். மலைச்சரிவின் மரங்களை வெட்டி விற்றனர். ஆற்றங்கரையில் பழத்தோட்டங்களை வளர்த்தனர். வெட்டப்பட்ட காட்டில் மரங்களுக்கு மாறாகப் புதர்கள் மண்டின.

பனி உருகி இளவேனில் தொடங்கும் காலம் எங்கும் மகிழ்ச்சி தருவதாகும். பிட்டர்ரூட்டில் அது அச்சம் தந்தது. அப்பருவத்தில் நலமாய் இருந்த ஒருவருக்குத் திடீரெனக் குளிர்காய்ச்சல் வரும். தலையும் மூட்டும் பொறுக்கவியலாது வலிக்கும். சில நாள்களில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் செம்புள்ளிகள் தோன்றி உடல் முழுதும் பரவும். புள்ளிகள் கருஞ்சிவப்பாக மாறி ஒன்றோடொன்று இணையும். இதனால் ஊரார் அதனைக் கருந்தட்டம்மை என்றனர். மருத்துவர்கள் புள்ளிக்காய்ச்சல் என்றனர். நோயுற்றோருள் பத்துக்கு ஏழெட்டுப் பேர் இறந்தனர். அண்டை மாநிலமாகிய ஐடாஹோவிலும் இதே நோய் இருந்தது. ஆனால் அங்கு இறந்தோர் நூற்றுக்கு ஐவர் என்ற அளவிலேயே இருந்தனர். ஒரே நோய் ஓரிடத்தில் கொடியதாகவும் மற்றோரிடத்தில் மெலிந்ததாகவும் இருந்ததன் காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

அதனினும் வியப்பானது ஒன்றுண்டு. ஆற்றின் மேற்குக் கரையில் வாழ்ந்தோர்க்கே நோய் வந்தது. கிழக்குக் கரையினர் பெரும்பாலும் தப்பினர். மலையிலிருந்து உருகி வரும் பனிநீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று பலர் நம்பினர். எளிய மக்களின் கருத்து என்று அதை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. எந்தப் பருவம், எந்தக் கரை என்னும் இரண்டையும் அவர்கள் மிகச் சரியாகக் கண்டிருந்தனர். கண்டதற்குக் கூறிய காரணமே பிழையானது.

இப்புதிரை அவிழ்க்க வந்தவர் ஹோவர்டு டெய்லர் ரிக்கெட்ஸ். (குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோய்க்கும் இவர் பெயருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.) இவர் 1871-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் ஒகையோ மாநிலத்துப் பின்ட்லே நகரில் பிறந்தார். கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோது, 1893-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அவர் குடும்பம் செல்வத்தை இழந்தது. அதன்பின் அவர் தம் கல்விக்கான பொருளைத் தாமே ஈட்ட வேண்டியவரானார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1897-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவரானார். 1900-இல் மைரா டப்ஸ் என்னும் பெண்மணியை மணந்தார். தோலைத் தாக்கும் பூஞ்சை நோய் ஒன்றை ஆராய்ந்து பெயர் பெற்றார். பெர்லினிலும் பாரிஸிலும் சில காலம் பயின்று திரும்பி, 1902-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நோயியல் துறையில் பணியேற்றார்.

அவர் மொண்டானாவுக்கு வருமுன்பே அங்கு ஓர் ஆராய்ச்சி நடந்து தோல்வியுற்றிருந்தது. 1902-இல் வில்சன், சௌனிங் என்னும் இருவர் பள்ளத்தாக்கை ஆராய்ந்தனர். உண்ணி கடிப்பதால் நோய் வருகிறது என்றும், தரை அணில்களின் உடலிலிருந்து உண்ணி அதைக் கொண்டுவருகிறது என்றும் அவர்கள் கருதினர். நோயாளியின் குருதியில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டதாகவும் அறிவித்தனர். 1904-இல் அரசின் விலங்கியல் அறிஞர் ஸ்டைல்ஸ் வந்து, பல நாள் குருதியைச் சோதித்தும் அவ்வொட்டுண்ணியைக் காணவில்லை. அதில் அவர் கூறியது சரியே; அப்படி ஒன்று இல்லை. ஆனால் ஒட்டுண்ணியோடு சேர்த்து உண்ணிக் கருத்தையும் அவர் மறுத்துவிட்டார். பிழையோடு உண்மையும் குப்பைக்குப் போயிற்று. உண்ணி என்று சொன்னாலே நகைக்கும் நிலை ஏற்பட்டது. பள்ளத்தாக்கில் நிலம் விற்போருக்கும் இந்நோயைப் பற்றி வெளியில் பேசப்படுவது விருப்பமாக இல்லை.

1906-ஆம் ஆண்டு இளவேனிலில் ரிக்கெட்ஸ் மிசூலா நகரை அடைந்தார். மிகுந்த உழைப்பால் உடல் தளர்ந்திருந்த அவர், ஓய்வும் ஆராய்ச்சியும் ஒருங்கே வாய்க்கும் என்று எண்ணியே அங்குச் சென்றார். ஓய்வு வாய்க்கவில்லை. இருப்புப்பாதை நிறுவனத்தின் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, அதனையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். நுண்ணோக்கி, கூண்டுகள், கினிப்பன்றிகள் ஆகியவையே அவர்தம் கருவிகள். கினிப்பன்றி என்பது பன்றியன்று. எலியினத்தைச் சேர்ந்த சிறு விலங்கு.

நோய்க்கிருமி எது என்று முதலில் தேடுவதே அக்கால வழக்கம். ரிக்கெட்ஸ் வேறு வழியில் சென்றார். கிருமியைக் கண்ணால் காணாவிட்டாலும் அதன் செயலைக் காணலாம் அன்றோ? நோயாளியின் குருதியில் சிறிது எடுத்துக் கினிப்பன்றிக்குச் செலுத்தினார். அதற்குக் காய்ச்சல் கண்டது. அதன் குருதியை அடுத்ததற்குச் செலுத்த, அதற்கும் கண்டது. இவ்வாறு நோயைத் தம் கூடாரத்திலேயே விலங்கிலிருந்து விலங்குக்குத் தொடர்ந்து காத்து வந்தார். மனிதருக்கு நோய் வரும் இளவேனிலுக்காக இனிக் காத்திருக்க வேண்டியதில்லை. நோயுற்ற விலங்கோடு ஒரே கூண்டில் நலமான விலங்கை விட்டுப் பார்த்தார். அதற்கு நோய் வரவில்லை. ஆகவே மூச்சாலோ தொடுதலாலோ நோய் பரவவில்லை என்பது தெளிவாயிற்று.

பின்பு உண்ணியை எடுத்தார். நோயுற்ற கினிப்பன்றியின் காதடியில் ஓர் உண்ணியை ஒட்டவிட்டுக் குருதி குடிக்கச் செய்தார். பிறகு அதைக் கழற்றிச் சிறு பெட்டியில் வைத்திருந்து, நலமான ஒரு விலங்கின் காதடியில் ஒட்டவிட்டார். சில நாள்களில் அவ்விலங்குக்குக் காய்ச்சல் வந்தது. ஒருவரும் நம்பாத கருத்து அன்று மெய்யாயிற்று. அதே ஆண்டில் அரசு மருத்துவர் கிங் என்பவரும் தனியே இச்சோதனையைச் செய்து அதே முடிவை எய்தினார். பெருமையை ஒருவருக்கு மட்டும் உரியதாக்குவது வரலாற்று நேர்மை ஆகாது. ஆயினும் அங்கு நில்லாமல் மேலும் ஆண்டுதோறும் வந்து தொடர்ந்தவர் ரிக்கெட்ஸே.

கூண்டில் நடப்பது காட்டிலும் நடக்கிறது என்று எப்படி உறுதி கூறுவது? பள்ளத்தாக்கில் உண்ணிகளைத் திரட்டச் செய்து அவற்றைக் கினிப்பன்றிகளின்மேல் விட்டார். பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும் சில உண்ணிகள் நோயைத் தந்தன. மனிதர் கை படாத காட்டிலேயே நோய் குடிகொண்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

உண்ணியின் வாழ்க்கையை அறிந்தால் இதன் அருமை விளங்கும். உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. எட்டுக் கால்களுடைய சிலந்தியின் உறவு. பெண் உண்ணி வயிறு புடைக்கக் குருதி குடித்தபின் மண்ணில் விழுந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு மடியும். முட்டையிலிருந்து ஆறு கால்களோடு குஞ்சு வெளிவரும். அது தரை அணில், காட்டெலி போன்ற சிற்றுயிர்களின் குருதியைக் குடித்து விழும். தோலுரித்து எட்டுக் கால் பெறும். மீண்டும் சிற்றுயிர்களின்மேல் ஏறிக் குடிக்கும். மீண்டும் தோலுரித்து முழு வளர்ச்சியடையும். இவ்வாறு வளர்ந்த உண்ணி, பனி உருகியதும் புல் நுனியிலும் புதரிலும் ஏறி, முன்கால்களை நீட்டிக் காத்திருக்கும். மானோ மாடோ குதிரையோ உரசிச் சென்றால் பற்றிக்கொள்ளும். மனிதர் உரசினாலும் பற்றும். விறகு வெட்டுவோரும், மாடு மேய்ப்போரும், வேலி கட்டுவோரும் இளவேனிலில் நோயுற்றதற்குக் காரணம் இதுவே.

தரை அணிலும் காட்டெலியும் நோயை ஏற்கக்கூடியவை என்பதை ரிக்கெட்ஸ் சோதித்து அறிந்தார். நோயுற்ற பெண் உண்ணியின் முட்டை வழியே கிருமி அடுத்த தலைமுறைக்கும் செல்லக்கூடும் என்பதையும் காட்டினார். தாய் கடித்த பகையைச் சேய் தொடரும் என்று சொல்லத்தக்க நிலை அது. உண்ணியும் சிறு விலங்கும் தமக்குள் கொடுத்து வாங்கிக்கொள்ளும் வட்டம் ஒன்று காட்டில் இடையறாது சுழல்கிறது. மனிதர் அவ்வட்டத்திற்கு வேண்டப்படாதவர். வழிதவறி அதில் அகப்படுபவர். மனிதர் எவரும் இல்லாத பள்ளத்தாக்கிலும் அக்கிருமி வாழும். அக்காலத்தில் இது எளிதில் ஏற்கத்தக்க செய்தி அன்று.

இனிக் கிருமி. நோய்க்குருதியை நுண்துளை வடிகட்டியில் செலுத்தினால், வடிந்த நீர் நோய் தரவில்லை. ஆகவே அது வடிகட்டியில் தங்கும் அளவு பெரியது. நுண்ணோக்கியில் காணத்தக்கதாதல் வேண்டும். நோயாளிகளின் குருதியிலும், நோயுற்ற விலங்குகளின் குருதியிலும், நோயுற்ற உண்ணியின் முட்டைகளிலும் இரு முனைகளிலும் சாயம் பற்றும் மிகச் சிறு கோல்வடிவ உயிர்களைக் கண்டு, 1909-இல் அவர் எழுதினார். ஆனால் அவற்றுக்குப் பெயர் சூட்டவில்லை. ஆய்வுக்கூடத்தில் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினாலன்றி முடிவு கூறலாகாது என்பது அக்கால விதி. எத்தனை முயன்றும் அது வளரவில்லை. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே அக்கிருமி பெருகும் என்பது பின்னாளில் தெரிந்தது. குருதிக் குழாய்களின் உட்சுவரில் உள்ள செல்களுள் புகுந்து அது அவற்றைச் சிதைக்கிறது. கசியும் குருதியே தோலில் புள்ளிகளாகத் தெரிகிறது. புகழுக்கு அவசரப்படுவோர் அன்றே பெயர் சூட்டியிருப்பர். அவர் அடங்கி நின்றார்.

1909-இல் பணி தடைப்பட்டது. மொண்டானா அரசு ஒதுக்கிய தொகை உரிய காலத்தில் அவர் கைக்கு வரவில்லை. அவ்வேளையில் மெக்சிகோ நகரில் டபர்டியோ எனப்பட்ட டைபஸ் காய்ச்சல் பரவியிருந்தது. (டைபாய்டு வேறு, டைபஸ் வேறு.) அதிலும் காய்ச்சலோடு புள்ளிகள் தோன்றின. இரு நோய்களும் ஒன்றோ, உறவோ என்று அறிய விரும்பி, அவ்வாண்டு டிசம்பரில் ரிக்கெட்ஸ் மெக்சிகோ சென்றார். ரஸல் வைல்டர் என்னும் இளைஞர் உடன் சென்றார். குளிராலும் வறுமையாலும் நெருங்கி வாழும் ஏழை மக்களின் ஆடைகளில் பேன் மிகுந்திருந்தது. அப்பேனே இந்நோயைப் பரப்புகிறது என்பதைக் குரங்குகளைக் கொண்டு இருவரும் மெய்ப்பித்தனர். டூனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோல் என்னும் பிரெஞ்சு அறிஞரும் 1909-இல் இதே உண்மையைக் கண்டிருந்தார். டைபஸும் புள்ளிக்காய்ச்சலும் வெவ்வேறு நோய்கள் என்பதும் உறுதியாயிற்று. எனினும் மெக்சிகோ நோயாளிகளின் குருதியிலும் பேனின் உடலிலும் அவர் கண்ட சிற்றுயிர்கள், பிட்டர்ரூட் உண்ணியில் கண்டவற்றை ஒத்திருந்தன. இருவேறு நோய்களுக்குப் பின்னால் ஒரே குலத்துக் கிருமிகள் இருக்கலாம் என்னும் எண்ணம் அங்குப் பிறந்தது.

அதனைத் தொடர அவருக்கு நாள் இல்லை. தாம் ஆராய்ந்த நோய் அவரையே பற்றியது. 1910-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் மெக்சிகோ நகரில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 39. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி அவருக்காகக் காத்திருந்தது. மெக்சிகோ அரசு தன் ஆய்வுக்கூடத்திற்கு அவர் பெயரைச் சூட்டிச் சிறப்பித்தது. மைரா சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ஒரு பரிசை நிறுவினார். மாணவர்களின் சிறந்த ஆய்வுக்கு அது வழங்கப்படலாயிற்று.

ஐந்தாண்டுகளுக்குப் பின் புரோவாசெக் என்னும் அறிஞரும் டைபஸை ஆராய்ந்து அந்நோயாலேயே இறந்தார். அவருடன் பணிபுரிந்த பிரேசில் நாட்டு ரோச்சா லீமா 1916-இல் டைபஸ் கிருமிக்குப் பெயரிட்டபோது இறந்த இருவரையும் நினைவில் கொண்டார். ரிக்கெட்சியா புரோவாசெக்கி என்பது அப்பெயர். பிட்டர்ரூட் கிருமி இன்று ரிக்கெட்சியா ரிக்கெட்சி எனப்படுகிறது. தாம் பெயரிடாது விட்ட உயிர் அவர் பெயரையே இருமுறை தாங்கி நிற்கிறது.

காரணம் தெரிந்தும் நோய் உடனே நீங்கவில்லை. மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி உண்ணிகளைக் கொல்லும் திட்டம் வந்தபோது உழவர் சிலர் எதிர்த்தனர். தொட்டிகளைச் சேதப்படுத்தியவர்களும் இருந்தனர். அவர்களைப் பழித்துப் பயனில்லை. மாடே அவர்களின் வாழ்வு; மருந்தோ நஞ்சு கலந்தது. 1912-இல் உண்ணி ஒழிப்புக்கு வந்த மருத்துவர் மெக்லின்டிக் அதே காய்ச்சலுக்கு இரையானார். பின்னர் ஹாமில்டன் என்னும் சிற்றூரில், கைவிடப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடத்தில் ஸ்பென்சர், பார்க்கர் என்னும் இருவர் ஆய்வுக்கூடம் அமைத்தனர். உண்ணிகளை அரைத்துச் செய்த தடுப்பூசியை 1924-இல் ஸ்பென்சர் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அப்பணியில் உதவியாளர் சிலரும் உயிரிழந்தனர். 1928-இல் புதிய ஆய்வுக்கூடம் எழுந்தபோது, உண்ணிகள் தப்பி வெளிவரும் என்று ஊரார் அஞ்சினர். அவர்கள் அச்சம் தீரக் கட்டடத்தைச் சுற்றி அகழி வெட்டப்பட்டது. 1940-களின் இறுதியில் வந்த புதிய மருந்துகளே நோயின் கொடுமையைத் தணித்தன. இன்று டாக்சிசைக்ளின் என்னும் மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் நோயாளி பெரும்பாலும் பிழைப்பார். காலம் தாழ்த்தினால் இன்றும் உயிருக்கு ஊறுண்டு.

இக்குலத்துக் கிருமிகள் இந்திய மண்ணுக்கும் புதியவை அல்ல. இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில் உண்ணி கடித்தபின் தமக்கு நேர்ந்த காய்ச்சலை மெகாவ் என்னும் மருத்துவர் 1917-இல் எழுதி வைத்தார். இந்திய உண்ணிக் காய்ச்சல் என இன்று அறியப்படும் நோயின் தொடக்கக்காலப் பதிவுகளுள் அதுவும் ஒன்று. அக்கிருமியும் ரிக்கெட்சியா குலத்ததே. வீட்டு நாய்களின் காதில் நாம் காணும் பழுப்பு உண்ணி அதனைச் சுமக்கக்கூடும். உண்ணியைக் கையால் நசுக்கலாகாது என்று பெரியோர் கூறுவது இதனாலும் ஏற்கத்தக்கது.

ஆற்றின் மேற்கரையில் நோய், கிழக்கரையில் இல்லை என்ற புதிர் மட்டும் நெடுங்காலம் எஞ்சி நின்றது. இரு கரைகளிலும் ஒரே இனத்து உண்ணிதான். 1981-இல் ஹாமில்டன் ஆய்வுக்கூடத்து அறிஞர் வில்லி புர்க்டார்ஃபரும் உடன் பணியாற்றியோரும் அதற்கு விடை கண்டனர். கிழக்குக் கரை உண்ணிகளின் சினைப்பையில் தீங்கற்ற வேறொரு ரிக்கெட்சியா வாழ்கிறது. அது இருக்கும் உண்ணியில் கொடிய கிருமி முட்டைக்குள் புகுந்து அடுத்த தலைமுறையை அடைய இயலுவதில்லை. பிட்டர்ரூட் உழவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன் கண்ட கரைவேறுபாடு உண்மையே. அதன் காரணம் பனிநீரில் இல்லை, உண்ணியின் வயிற்றுக்குள் இருந்தது.